இல்லாத பிழைகள்: கர்னல் தடப்பதிவில் நெடுவரிசை பிறழ்ந்த ஒரு நிகழ்வு

பின்னணி

புதுச்சேரி இலாசுப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் சிறிய மின்னாக்கக் கூடம் ஒன்று இயங்குகிறது. பழைய பத்திரங்கள், நில வரைபடங்கள், குடும்ப ஆவணங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து சுத்தமான படங்களாக்கித் தருவது அவர்கள் தொழில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியதற்கு முந்தைய தாள்கள் நிறைய வரும். ஒரே கட்டில் பிரெஞ்சும் தமிழும் கலந்து கிடக்கும். கேட்டு வருபவர்கள் தமிழ்ப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள் என்பதால், கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவது தொடக்கம் முதல் அங்கே வழக்கம்.

ஆவணங்கள் பெட்டி பெட்டியாக வந்து சேரும். சர்வரில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதன் பெயர் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கப் பெட்டி எண்ணும் சேர்ந்தது. தாளின் கோணலை நிமிர்த்தி, மஞ்சளைக் குறைக்கும் பைத்தான் நிரலுக்கும் தமிழ்ப் பெயர்தான்: படம்_திருத்து.

பழைய சர்வர் ஓய்ந்துபோகவே, புதிய இயந்திரத்தில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டது. அதற்கடுத்த வேலைநாள் முதலே காலை வேளையில் திருத்தும் பணி ஊர்ந்தது. ஒன்பதரை மணிக்கு ஆட்கள் உட்கார்ந்தால் நண்பகல் நெருங்கும்வரை இதே நிலை. பிற்பகலில் யாரும் எதுவும் செய்யாமலே வேகம் திரும்பிவிடும்.

கூடத்தில் இதைக் கவனித்தவர்கள் இருவர். ஒருவர் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சர்வர் பொறுப்பாளர். மற்றவர் நிரல்களை எழுதிப் பராமரிக்கும் இளைஞர். நான் பின்னர் அழைக்கப்பட்டேன். எனக்கு முன் நடந்தவற்றை அவர்களுடைய குறிப்பேட்டையும் அவர்கள் அழிக்காமல் வைத்திருந்த வெளியீட்டுக் கோப்புகளையும் கொண்டு எழுதுகிறேன். அந்தக் கோப்புகள் இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

முதலில் தென்பட்டவை

நிரலின் பதிவேட்டில் பிழை எதுவும் இல்லை. படங்களும் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தன. எனவே இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மட்டத்தில் பார்ப்பது என்று இளைஞர் முடிவெடுத்தார். இது நல்ல முடிவு. லினக்ஸில் ஓடும் நிரல்கள் கோப்புகளைத் திறப்பதைக் கண்காணிக்க பிபிஎஃப்ட்ரேஸ் கருவியுடன் ஓபன்ஸ்னூப் என்ற சிறு நிரல் வருகிறது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஒரு வரி அச்சாகும். அதில் செயல்முறை எண் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கர்னல் தரும் எண்), நிரலின் பெயர், திறந்த கோப்புக்குக் கர்னல் தரும் கோப்பு எண், பிழை எண், கோப்பின் பாதை ஆகியவை இந்த வரிசையில் இருக்கும். பிழை எண் சுழியம் என்றால் கோப்பு திறந்தது என்று பொருள்.

ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் பார்க்க முடியாது. இளைஞர் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினார். படம்_ என்று தொடங்கும் பெயர்களை மட்டும் எடுத்து, 30 முதல் 32 வரையிலான இடங்களைப் பிழை எண்ணாகவும், 34-ஆம் இடத்திலிருந்து மீதியைப் பாதையாகவும் அது படிக்கும். ஓபன்ஸ்னூப் அச்சிடும் அகலங்களைக் கணக்கிட்டால் இந்த எண்கள் சரியே: செயல்முறை எண்ணுக்கு 6, பெயருக்கு 16, கோப்பு எண்ணுக்கு 4, பிழைக்கு 3, நடுவில் ஒவ்வோர் இடைவெளி.

முதல் ஓட்டத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறைக்குச் செல்லாத பைட் ஒன்று வந்திருப்பதாகப் பைத்தான் சொன்னது. எழுத்துமாற்றப் பிழைகளைப் புறக்கணிக்கும்படி ஒரு சொல் சேர்த்ததும் ஸ்கிரிப்ட் ஓடியது.

முதலில் பார்த்தது 13-ஆம் பெட்டி. சுருக்க அறிக்கை சொன்ன பிழை எண்ணும் 13. லினக்ஸில் அதற்குப் பொருள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’. கூடவே, நில வரைபடக் கோப்பு ஒன்றே திரும்பத் திரும்பத் திறக்கப்பட்டதாகவும் அறிக்கை காட்டியது. படம்_திருத்து நிரலில் கோப்பு திறக்கவில்லை என்றால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும் பகுதி உண்டு. எனவே கோப்பு முதலில் மறுக்கப்படுகிறது, நிரல் காத்திருந்து மீண்டும் முயல்கிறது, கடைசியில் வெற்றி பெறுகிறது, ஆகவே வேகம் குறைகிறது, பதிவேட்டில் பிழை இல்லை. எல்லாமே பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்தும் விளக்கத்தை யாரும் அன்றைக்கே சந்தேகிக்கமாட்டார்கள்.

டெர்மினலில் நேரடியாக ஓடவிட்டபோது, படம்_ வரிகளில் மட்டும் நெடுவரிசைகள் நேராக நிற்கவில்லை. குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: “தமிழ் எழுத்து வந்தால் டெர்மினலில் கோணலாகத்தான் தெரியும்.” நம் மொழி திரையில் சிதைந்து தெரிவதற்கு நாம் எல்லோரும் பழகிப்போயிருக்கிறோம். அந்தப் பழக்கம்தான் கையில் இருந்த முதல் சான்றைத் தள்ளிவிடச் செய்தது.

எடுத்த நடவடிக்கைகளும் காரணங்களும்

அனுமதிப் பிழை என்பதால் கோப்புறைகளில் எவரும் படிக்கலாம், எழுதலாம் என்று அனுமதியைத் தளர்த்தினார்கள். மறுநாள் வேறு பெட்டி. பிழை 13 காணவில்லை. தளர்த்தியது பலித்தது என்று குறித்துக்கொண்டார்கள். காலைத் தாமதம் மட்டும் போகவில்லை.

அறிக்கையில் இப்போது பிழை 28. சாதனத்தில் இடமில்லை என்பது அதன் பொருள். டிஸ்க்கில் இடம் இருப்பதைப் பொறுப்பாளர் சரிபார்த்தார். ஆனாலும் தற்காலிகமாக நிரம்பிக் காலியாகலாம் என்று பழைய வேலைப் பிரதிகளை நீக்கி, புதிய ஹார்டு டிஸ்க்குக்கும் சொல்லிவைத்தார். மூலப் பிரதிகள் தனியே இருந்ததால் இழப்பு இல்லை. அடுத்த பெட்டிக்கு 28 மறைந்தது. பிறகு 24 வந்தது, அதாவது திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு மீறியது. வரம்பை உயர்த்தினார்கள். அதுவும் மறைந்தது.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் காரணம் இருந்தது, ஒவ்வொன்றும் பலித்ததாகவே தெரிந்தது. மருந்து கொடுத்த மறுநாள் அந்தக் குறி மறைந்துவிடுகிறது, புதிய குறி ஒன்று முளைக்கிறது. பெட்டிகள் எண் வரிசையில் வந்திருந்தால் பிழை எண் நாளுக்கு ஒன்றாக ஏறுவது உடனே கண்ணில் பட்டிருக்கும். தாள் மிகவும் நைந்த பெட்டிகளை முதலில் முடிக்க வேண்டும் என்பதால் அவை முன்பின்னாக வந்தன.

பிழை எண் 111

என்னை அழைத்த வேளையில் அறிக்கை சொன்ன பிழை எண் 111. லினக்ஸில் அது ‘இணைப்பு மறுக்கப்பட்டது’. வலையில் இன்னொரு கணினியோடு தொடர்புகொள்ள முயன்று அங்கே யாரும் செவிசாய்க்காதபோது வருவது அது. அதே இயந்திரத்தின் டிஸ்க்கில் உள்ள படக்கோப்பைத் திறக்கும்போது அது வர வழியில்லை. பொறுப்பாளருக்கும் இதே சந்தேகம் வந்திருந்தது. இம்முறை எந்த மாற்றமும் செய்யாமல் கையை விலக்கிக்கொண்டது அவருடைய நிதானம்.

திரையில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்கேனர் அருகே இருந்த மூத்த பணியாளர் இளைஞரிடம் கேட்டார்: “தம்பி, நான் இப்போது எடுத்துக்கொண்டிருப்பதும் நூற்றுப் பதினோராம் பெட்டிதானே?”

“ஆமாம் அக்கா, அது பெட்டி எண். இது பிழை எண்” என்று பதில் சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குறிப்பேட்டைப் புரட்டினார். 13, 28, 24. மூன்றும் அந்தந்த நாளின் பெட்டி எண்கள்.

பைட் பைட்டாகப் பார்த்தது

முதலில், உண்மையில் பிழை உண்டா இல்லையா என்பதை வேறொரு கருவியால் உறுதிசெய்தோம். நிரல் கர்னலிடம் கேட்பதையும் அது தரும் பதிலையும் காட்டும் எஸ்ட்ரேஸை ஓடும் நிரலோடு இணைத்துப் பார்த்தபோது, அறிக்கை 111 என்று காட்டிய அதே கோப்பு 3 என்ற கோப்பு எண்ணுடன் சாதாரணமாகத் திறந்திருந்தது. மறுப்பும் இல்லை, மறுமுயற்சியும் இல்லை. எனில் கர்னல் சொன்னதற்கும் நாம் படித்ததற்கும் நடுவில்தான் கோளாறு.

சேமித்த வெளியீட்டிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, ஒவ்வொரு பைட்டையும் எண்ணெழுத்தாகக் காட்டும் ‘ஓடி’ கட்டளைக்குக் கொடுத்தோம். விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

கர்னல் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு குறும்பெயர் வைத்திருக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 16 பைட். கடைசி பைட் முடிவுக்குறிக்கு, ஆகவே பெயருக்குக் கிடைப்பது 15. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும்கூடத் தனித்தனியே மூன்று மூன்று. படம்_திருத்து என்ற பெயரில் ப, ட, ம, புள்ளி ஆகிய நான்குக்கும் 12 பைட், அடிக்கோட்டுக்கு 1, ஆக 13. மிச்சம் 2. அடுத்து வர வேண்டிய ‘த’ மூன்று பைட் கேட்கிறது. எட்டின் அடிப்படையிலான எண்ம முறையில் அது 340, 256, 244. கர்னலுக்கு எழுத்து தெரியாது, பைட் மட்டுமே தெரியும். 340, 256 ஆகிய இரண்டையும் வைத்துக்கொண்டு 244-ஐ வெட்டிவிட்டது. எங்கள் வரியில் 340, 256 என்ற இரண்டுக்கும் பிறகு ஒரு வெற்றிடம் நின்றது. பைத்தான் முதல் நாளே முறையிட்டது இந்த அரை எழுத்தைப் பற்றித்தான்.

ஓபன்ஸ்னூப் பெயரை 16 இடத்துக்கு நிரப்பி அச்சிடுகிறது. அந்த 16-உம் பைட் கணக்கு. 15 பைட் பெயர், 1 வெற்றிடம். பைட்டாக எண்ணினால் வரி கச்சிதமாக இருக்கிறது. பைத்தானோ அதை எழுத்தாக மாற்றிய பிறகு எண்ணுகிறது. ப, ட, ம, புள்ளி, அடிக்கோடு என்று 5 குறியீடுகள், புறக்கணிக்கச் சொன்னதால் உடைந்த இரண்டு பைட்டும் காற்றில் போயின, பிறகு 1 வெற்றிடம். 16 இடம் 6 இடமாகச் சுருங்கிவிட்டது. அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் 10 இடம் இடப்பக்கம் நகர்ந்தன.

இனி பாதையைப் பாருங்கள். சாய்கோடு, மூன்று ஆங்கில எழுத்துகள், சாய்கோடு, ‘பி’, மூன்று இலக்கம், சாய்கோடு. சரியாக 10 இடம். பாதை 34-ஆம் இடத்தில் தொடங்காமல் 24-இல் தொடங்கியது. அதன் ஏழு, எட்டு, ஒன்பதாம் எழுத்துகள், அதாவது பெட்டி எண்ணின் மூன்று இலக்கங்கள், 30 முதல் 32 வரையிலான இடங்களில் போய் உட்கார்ந்தன. 013 என்பது 13 ஆயிற்று. 34-ஆம் இடத்தில் கோப்பின் பெயர் தொடங்கியது. கோப்புறை இல்லாமல் வெறும் பெயர் மட்டும் வந்ததை, படிக்க வசதியாக இருக்கிறது என்றே நினைத்திருந்தார்கள்.

பிற நிரல்கூறுகளைத் திறக்கும் வரிகளில் அந்த இடத்தில் எண் அமையவில்லை. எண்ணாக மாறாத வரிகளைத் தலைப்பு வரி என்று கருதித் தாண்டும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தது. தவறான வரிகளில் தவறு வெளியே தெரியக்கூடியவை எல்லாம் இப்படி வடிகட்டப்பட்டு, நம்பும்படியானவை மட்டும் அறிக்கைக்கு வந்து சேர்ந்தன. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்திய இடம் இதுதான்.

பத்துப் பக்கம், ஒரே கோப்பு

மறுமுயற்சிக் கொள்கைக்குத் துணைநின்ற இன்னொரு சான்று மீதி இருந்தது. ஒரே கோப்பு பலமுறை திறக்கப்பட்டதாக ஏன் காட்டியது?

பழைய வெளியீட்டில் அந்தப் பெயர் நிலவரைபடம்_பக்கம்_014 என்று முடிந்திருந்தது. கூடத்தில் பக்க எண் நான்கு இலக்கம், அதன்பின் டிஃப் பின்னொட்டும் வர வேண்டும். இரண்டும் அங்கே இல்லை. அந்தப் பதிப்பின் பிபிஎஃப்ட்ரேஸ் ஒரு சரத்துக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, இயல்பாக 64 பைட் மட்டுமே எடுக்கும், முடிவுக்குறி போக 63. கோப்புறைப் பாதைக்கு 10, ‘நிலவரைபடம்’ 10 குறியீடு என்பதால் 30, அடிக்கோடு 1, ‘பக்கம்’ 6 குறியீட்டுக்கு 18, அடிக்கோடு 1. ஆக 60. மிச்சம் மூன்றே பைட். 0140 முதல் 0149 வரை பத்துப் பக்கங்களும் 014 என்று ஒன்றாகிவிட்டன. வெட்டியதற்கு அடையாளமாக ஒரு புள்ளிகூட அச்சாகவில்லை. ஆங்கிலப் பெயராக இருந்தால் 63 எழுத்து தாராளம். தமிழுக்கு அது 21 குறியீடுதான். நம்மவர்கள் கோப்புக்கு வைக்கும் பெயர்களின் நீளத்துக்கு 21 போதவே போதாது.

வெளியீட்டு வடிவத்தை மாற்றியது

தரவைப் பெயரிட்ட புலங்களாகத் தரும் ஜேசன் வடிவில் வெளியீடு கேட்டால் தீர்ந்துவிடும் என்பது முதல் யோசனை. பிபிஎஃப்ட்ரேஸில் அந்த வசதி உண்டு. ஆனால் அச்சிடும் கட்டளையின் வரி முழுவதையும் அது ஒரே சரமாகத்தான் ஜேசனுக்குள் வைக்கிறது. உள்ளே நெடுவரிசை அப்படியே இருக்கும். எனவே அதை விட்டுவிட்டோம்.

ஓபன்ஸ்னூப்பின் நகலை எடுத்து அச்சிடும் வரியை மாற்றினோம். எண்கள் அனைத்தும் முதலில், அவற்றுக்கிடையே டேப், பாதை கடைசியில். குறும்பெயரை வரியிலிருந்தே நீக்கிவிட்டு, செயல்முறை எண்ணுக்கும் பெயருக்குமான தொடர்பைத் தனியே எடுத்தோம். ஸ்கிரிப்ட் உள்ளீட்டை எழுத்தாக்காமல் பைட்டாகவே வாங்கி, டேப்பில் பிரித்து, கடைசியில்தான் பாதையை எழுத்தாக்கும். உடைந்த பைட்டுகள் மறையாமல் எண்ணாகத் திரையில் தெரியும்படி வைத்தோம். எண்ணாக மாறாத வரி வந்தால் இப்போது தாண்டாமல் எண்ணிக்கை காட்டுகிறது. லினக்ஸ் கோப்புப் பெயரில் டேப்போ புதுவரியோ இருக்கத் தடையில்லை. பாதை கடைசியில் இருப்பதால் டேப் தொல்லை தராது. புதுவரிக்கு இன்னும் காப்பு இல்லை, அவர்களுடைய பெயரிடும் முறையில் அது வருவதும் இல்லை.

சரத்தின் வரம்பைச் சூழல் மாறி வழியாக 200 ஆக்கினோம். அந்தப் பதிப்பில் அதற்குமேல் போக முடியாது, ஏனெனில் கர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் நிரலின் தற்காலிக நினைவிடமான அடுக்கே மொத்தம் 512 பைட்தான்.

தாமதத்தின் உண்மையான காரணம்

புதிய வெளியீட்டில் படம்_திருத்து நிரலுக்குப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு நிரலை மட்டும் வடிகட்டாமல் எல்லா நிரல்களையும் எண்ணியபோது, ஒன்பதரை மணி முதல் கோப்புகளை மிக அதிகமாகத் திறந்தது ஆர்சிங்க். அது தினசரி காப்புநகல் வேலை.

அது அதிகாலை 4 மணிக்கு ஓட வேண்டியது. உபுண்டு சர்வரை நிறுவும்போது நேர மண்டலம் தானாக உலகப் பொதுநேரத்தில் இருக்கும். யாரும் மாற்றவில்லை. பொதுநேரம் 4 மணி என்றால் நமக்கு 9.30. கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டும் ஒப்பிடாமல் அதன் உள்ளடக்கத்தை முழுவதும் படித்து ஒப்பிடும்படி ஆர்சிங்கை அமைத்திருந்ததால், சுழலும் டிஸ்க்கை இரண்டரை மணி நேரம் அது விடாமல் பிடித்துக்கொண்டது. நண்பகல் நெருங்கும்போது முடியும், வேகம் தானாகத் திரும்பும்.

டிஸ்க்கை யார் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் ஐஓடாப்பை முதல் நாள் காலை ஒருமுறை ஓட்டியிருந்தாலே இது தெரிந்திருக்கும். இதைப் பொறுப்பாளரே சொன்னார். காலையில் மட்டும் தாமதம் என்ற தகவல் முதலிலிருந்து கையில் இருந்தும், பிழை எண்கள் எல்லோருடைய கவனத்தையும் இழுத்துக்கொண்டன.

பின்விளைவு

நேர மண்டலத்தை இந்திய நேரமாக்கி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் சேவையை மறுதொடக்கம் செய்தார்கள். மறுநாள் காலை தாமதம் இல்லை. முழு ஒப்பீடு வாரம் ஒருமுறைக்குக் குறைக்கப்பட்டது. தளர்த்திய அனுமதிகளைப் பழையபடி இறுக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, ஏனெனில் முன்பு என்ன இருந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. உயர்த்திய கோப்பு வரம்பும் இறக்கப்பட்டது. புதிய ஹார்டு டிஸ்க் வந்துவிட்டிருந்தது. எப்படியும் ஓராண்டில் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டார்கள்.

கோப்புகளுக்கும் நிரல்களுக்கும் இனி ஆங்கிலப் பெயர் வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. நான் உடன்படவில்லை, பொறுப்பாளரும் உடன்படவில்லை. தமிழ்ப் பெயர் இல்லாமலும் இதே பிறழ்வு வரும் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றன.

இனி வேறு விதமாகச் செய்பவை

தடப்பதிவுக் கருவி தரும் சுருக்க அறிக்கையை நம்பி எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், ஒரே ஒரு நிகழ்வையாவது எஸ்ட்ரேஸ் போன்ற இன்னொரு வழியில் சரிபார்க்க வேண்டும் என்று கூடத்தில் விதி வைத்திருக்கிறார்கள். மாற்றம் எதுவானாலும் முந்தைய நிலை குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்பது இன்னொன்று.

எழுத்துமாற்றப் பிழைகளைப் புறக்கணிக்கும் அந்தச் சொல் அவர்களுடைய பிற ஸ்கிரிப்ட்களிலும் தேடப்பட்டது. சில இடங்களில் கிடைத்தது. அவற்றில் ஒன்று வாடிக்கையாளர் பட்டியலைப் படிப்பது. அதைத் திருத்தும் வேலை இன்னும் நடக்கிறது.

கர்னலுக்குள்ளேயே இருக்கும் தடப்பதிவு வசதியான எஃப்ட்ரேஸைப் பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2008-இல் 2.6.27 கர்னலோடு வந்த அந்த வசதி, உரை வெளியீட்டில் நிரலின் பெயரையும் செயல்முறை எண்ணையும் ஒரு சிறுகோட்டால் ஒட்டி அச்சிடுகிறது. பெயருக்குள்ளேயே வெற்றிடமும் சிறுகோடும் வரலாம், எனவே வெற்றிடத்தில் பிரிக்கும் ஸ்கிரிப்ட் எந்த நாளும் தடுக்கி விழலாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் கர்னலே ஒரு வடிவக் கோப்பு தருகிறது. எந்தப் புலம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். ட்ரேஸ்-சிஎம்டி போன்ற கருவிகள் அதைப் பார்த்தே மூலத் தரவைப் படிக்கின்றன. தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய வேலைகளுக்கு அந்த வழிக்கு மாறுவது என்று முடிவாகியிருக்கிறது.

கடைசியாக, தமிழ் எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. ஓபன்ஸ்னூப் செயல்முறை எண்ணுக்கு ஒதுக்குவது 6 இடம். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 243-ஆம் பதிப்பு முதல் 64 பிட் இயந்திரங்களில் அந்த எண்ணின் மேல்வரம்பு 4194304, அதாவது ஏழு இலக்கம். புதிய சர்வர் நீண்ட நாள் நிறுத்தாமல் ஓடிச் செயல்முறை எண்கள் பத்து லட்சத்தைத் தொட்டால், பழைய ஸ்கிரிப்ட் ஆங்கிலப் பெயர்களோடும் ஓர் இடம் பிறழ்ந்திருக்கும். அந்த ஸ்கிரிப்டை அழிக்காமல், பெயரின் முன்னால் ‘பயன்படுத்தாதே’ என்று சேர்த்துத் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறார்கள்.